தொண்ணூற்றாறும் நூற்று நான்கும்

அலுவலகத்தில் அவருக்கு மீட்டர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததே தவிர, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. மது விற்பனை உரிமம் வழங்கும் துறையில் இருபத்தொன்பது வருஷமாக அவர் செய்துவந்தது ஒரே வேலை. யாராவது மதுக்கடை திறக்க விண்ணப்பித்தால், அந்தக் கடை வாசலிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கோ மருத்துவமனையின் வாசலுக்கோ எத்தனை மீட்டர் என்று அளந்து சொல்லவேண்டும். நூறு மீட்டருக்குக் குறைந்தால் கடை கிடையாது. கூடினால் உண்டு. நீளமான கைப்பிடி, அதன் நுனியில் ஒரு சக்கரம், சக்கரத்தின் மேல் எண் ஓடும் சின்னப் பெட்டி. இதுதான் கருவி. இதை உருட்டிக்கொண்டு அவர் நடைபாதையில் போகும்போது, "இந்த வயசுல வண்டி ஓட்டி விளையாடறீங்களே!" என்று கேலி செய்யாத தெரு இல்லை. அவர் சிரிக்கமாட்டார். சிரித்தால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நடப்பார். எண்ணுவது பெட்டி, அவரில்லை. அதை அவரிடம் யார் சொல்வது?

கை சுத்தமானவர். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு, கொஞ்சநஞ்சமல்ல. அளக்கப் போன இடத்தில் தேநீர் நீட்டினால் குடிக்கமாட்டார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். மழை பிடித்தால்கூட விண்ணப்பதாரரின் கூரைக்குக் கீழே ஒதுங்காமல் எதிர்ப்பக்கம் போய் நனைந்துகொண்டு நிற்பார். கை சுத்தமாக இருந்தால் மனசும் தன்னால் சுத்தமாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். இப்படி நினைக்கிறவர்களிடம் நாம்தான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

அளக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் அளந்ததைக் கைநோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் மறுபடி அளந்து, கடைசி எண்ணைப் படிவத்தில் மையால் எழுதுவார்கள். மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிடவேண்டும். இரண்டு எண் இருந்தால் வழக்கு வரும், ஒரே எண் இருந்தால் வராது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல வழக்கம்தான், பென்சிலும் மையும் ஒன்றாக இருக்கும்வரை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம் வந்தது. பெரிய சாலை, நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு. இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். தடுப்பில் ஓரிடத்தில் மூன்று கம்பிகள் பெயர்ந்து ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்தப் பகுதி ஜனம் மொத்தமும் அதில் புகுந்துதான் சாலையைக் கடந்தது. அங்கே புல்கூட முளைக்காமல் தரை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதன் வழியாக அளந்தால் தொண்ணூற்றாறு மீட்டர். பென்சிலால் குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், சட்டையைக் காலர் வரை பொத்தான் போட்டிருந்தார். எதையும் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் மீட்டர் சீறிவிழுந்திருப்பார், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

"சார், உங்களைப் பத்தி எல்லாரும் சொல்லியிருக்காங்க. ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டீங்களாம். உங்களைப்போல ஒருத்தர் முடியாதுன்னு சொன்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன் சார். போயிடறேன்" என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. "நாலே நாலு மீட்டர்தானே சார்னு மனசு அடிச்சுக்குது, அவ்வளவுதான்."

மீட்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அவரைச் சார் என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. சக்கரத்தை மறுபடி கடை வாசலுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை இடைவெளியில் புகவில்லை. நேராகப் போய், கோடு போட்ட இடத்தில் சாலையைக் கடந்து, திரும்பி வந்து பள்ளிக்கூட வாசலைத் தொட்டார். நூற்று நான்கு. சட்டப் புத்தகத்தில் 'மக்கள் வழக்கமாக நடந்துபோகும் மிகக் குறுகிய வழி' என்று இருக்கிறது. கோட்டில் கடப்பதுதானே முறை, முறைதானே வழக்கம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு, மையால் எழுதினார். பென்சிலை அழித்தார். ஒரு பைசா வாங்காமல் ஒருவருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் சக்கரத்தை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த இடைவெளியிலேயே புகுந்து சாலையைக் கடந்து, பின்தெருவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா வீடு அங்கேதான் இருந்தது. அளக்கும்போது அது அவர் நினைவில் இல்லாமலில்லை. அத்தான் குடியை விட்டு நாலு வருஷமாகிவிட்டது, இனி என்ன என்று நினைத்திருந்தார்.

அத்தான் கண்ணாடி அறுக்கிற தொழிலாளி. ஜன்னல் கண்ணாடி, கடைமுகப்புக் கண்ணாடி எல்லாம் அவர் கை பட்டால் கோடு போட்ட இடத்தில் பிரியும். குடியை எப்படி விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "பக்கத்துல கடை கிடையாது. ரெண்டு பஸ் மாறணும். ரெண்டாவது பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கும்போது எனக்கே வெக்கமா இருக்கும், திரும்பி வந்துடுவேன்" என்பார். சாமர்த்தியமான பதிலில்லை. உண்மையான பதில். இப்போது கடை, அவர் தினமும் வேலைக்குப் பஸ் ஏறுகிற நிறுத்தத்துக்கு நேர் எதிரே வந்தது. வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் மறுபடி ஆரம்பித்தார். வருஷம் முடிவதற்குள் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடியைக் குறுக்கே அறுத்துவிட்டார். முதலாளி மரியாதையாகவே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா ஒரு சலவை நிலையத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலைக்குப் போனாள். ஐம்பத்தெட்டு வயதில்.

முதன்முதலாக அக்காவின் முன்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பைப் பார்த்தபோது மீட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய அளக்கும் வேலைக்கு விண்ணப்பம் வாங்கித் தந்தவளே அவள்தான். அவருக்குக் காய்ச்சல் என்று வெயிலில் வரிசையில் நின்று வாங்கி, பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தவள். அவளிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்ததை மென்று விழுங்கினார். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போனார். பழம் வாங்கிக்கொண்டு போனால் பாவம் குறையும் என்றால், பழக்கடை வாசலில் இடமே இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மது விற்பனைச் சட்டத்தைத் திருத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், விளம்பரப் பலகை, உரிமம், தூரம் என்று எல்லாவற்றுக்கும் புது விதி. வரைவை அச்சடித்து, மக்களே கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதில் பதினான்காவது விதியை மீட்டர் நாலு தடவை படித்தார். ஏற்கெனவே இருக்கும் கடைகளின் அளவு அப்படியே செல்லும். ஆனால் இந்தக் கருத்துக்கேட்பில் யாராவது ஒரு கடையின் அளவைக் குறித்து ஆட்சேபம் சொன்னால், வேறு அலுவலகத்து ஆள் வந்து ஒரு தடவை மறுபடி அளப்பார். கருத்துக்கேட்பு முடிந்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் யாரும் கேட்கமுடியாது. மறுபடி அளந்தால் கடை போகும். கூடவே அவர் குட்டும் வெளிப்படும். ஓய்வு பெறப் பதினான்கு மாதம் பாக்கி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தாள். "தெருவுல எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்கப்போறோம். என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. நீ அந்த ஆபீசுலதானே இருக்கே, நல்லா எழுதிக் கொடுடா."

எழுதினார். கடையைக் காலையில் பத்து மணிக்கு முன்னால் திறக்கக்கூடாது என்று எழுதினார். வண்ண விளக்குப் பலகையை எடுக்கவேண்டும் என்று எழுதினார். வாசலில் நின்று குடிப்பதைத் தடுக்கவேண்டும் என்று கண்ணும் கருத்துமாக எழுதினார். தூரத்தைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

அக்கா படித்துப் பார்த்தாள். "தூரத்தைப் பத்தியும் எழுதணும்னு பள்ளிக்கூடத்து ஆயா சொன்னாங்களே. மறுபடி அளக்கச் சொல்லிக் கேக்கணுமாமே."

"அதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லக்கா."

"முக்கியமில்லன்னாலும் எழுதிடு. அவங்க கேப்பாங்க."

கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படி கடையின் தூரத்தை மறுபடி அளக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' தன் கழுத்துக்குத் தானே கத்தி தீட்டிக் கொடுத்தாயிற்று என்று தோன்றியது. அதே சமயம், சொன்னால் நம்பமாட்டீர்கள், மனசில் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. தான் வாயைத் திறக்காமலே உண்மை வெளியே வந்துவிடும் அல்லவா? கோழைகளுக்கு இப்படியொரு நிம்மதி உண்டு.

கருத்துக்கேட்பு நகரமன்றக் கூடத்தில் நடந்தது. இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றவில்லை. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் தலைவராக உட்கார்ந்திருந்தார். ஒரு தெருவுக்கு ஒருவர்தான், பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். நேரம் பார்த்து மணி அடிக்கும் வேலையை மீட்டரின் தலையில் கட்டியிருந்தார்கள். அளக்கிற வேலைதானே, அதைச் செய்கிறவன் இதையும் செய்யட்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

கடைக்காரர்கள் சங்கத்தலைவர் பேசினார். ஒரு மருத்துவர் பேசினார். மூடும் நேரத்தைத் தள்ளிப்போட்டால்தான் மக்கள் அவசர அவசரமாகக் குடிக்கமாட்டார்கள் என்று ஒருவர் பேசியபோது கூடமே சிரித்தது. மீட்டர் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியைத் தட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது ஆளாக அக்கா எழுந்தாள். சலவை நிலையத்தில் பாதிநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒலிபெருக்கிக்கு முன்னால் தாளைப் பிரித்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நேரம், பலகை, வாசல். கடைசி வரிக்கு வந்தாள். நின்றாள்.

"அம்மா, இதுல இன்னும் ஒரு வரி இருக்கு. மறுபடி அளக்கணும்னு. தெருவுல கேட்டாங்கன்னு எழுத வெச்சேன், ஆனா அதை நான் படிக்கப்போறதில்லை" என்றாள்.

பள்ளிக்கூடத்து ஆயா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"அந்தக் கடையை அளந்தது என் தம்பி. கடையில ஒட்டின நோட்டீசுல அவன் கையெழுத்தைப் பாத்தேன். அன்னிலேருந்து எனக்குத் தெரியும். அவன்கிட்ட நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. உத்தியோகம் வேற, வீடு வேற. ஆனா என் தம்பி ஒரு விரக்கடைகூடத் தப்பா அளக்கமாட்டான் அம்மா. அடுத்தவங்க வீட்டுத் தண்ணிகூடக் குடிக்காதவன். அவன் நூத்துநாலுன்னு எழுதியிருந்தா நூத்துநாலுதான். நூறுன்னு வெச்ச சட்டம்தான் தப்பு. அதை இருநூறாக்குங்க. அளந்தவனைத் திரும்ப அளக்கச் சொல்லி அவமானப்படுத்த நான் வரல."

"அப்படியானால், அளவைக் குறித்து உங்கள் தெருவுக்கு ஆட்சேபம் இல்லை என்று பதிவு செய்துகொள்ளட்டுமா?"

"இல்லைம்மா. பதிஞ்சுக்குங்க."

குறிப்பெடுப்பவரின் பேனா தாளில் இறங்கியது. கதவு சாத்தப்படுகிறது, இனி ஒருகாலும் திறக்காது என்பது அந்தக் கூடத்திலேயே ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. "மணி அடிங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மீட்டர் தப்பிவிட்டார், இனி அவரைத் தொட ஆளில்லை. மணியைத் தட்டினால் போதும். அவருக்குக் கை எழவில்லை. வெட்கம் உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. அத்தான் ரெண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பட்ட வெட்கம் இதில் பாதிகூட இருந்திருக்காது.

"தொண்ணூத்தாறு" என்றார்.

"என்ன?" என்றார் தலைவர்.

"தொண்ணூத்தாறும்மா. முதல்ல அளந்தது. பென்சில்ல எழுதி அழிச்சுட்டேன். கம்பி இல்லாத இடத்துல புகுந்துதான் எல்லாரும் போவாங்க. குழந்தைங்களும் அப்படித்தான் போகும். நானும் அன்னிக்கு அப்படித்தான் போனேன். கோடு போட்ட இடம் வழியா சுத்திக் கொண்டுபோய் நூத்துநாலுன்னு எழுதினது நான்தான். யாரும் எதுவும் கொடுக்கல. என்னைப் புகழ்ந்தாங்க, எழுதிட்டேன்." குரல் உடைந்தது. "மறுபடி அளக்கணும். ஆட்சேபம் நான் சொல்றேன்."

கூடத்தில் சத்தம் எழுந்து அடங்கச் சிறிது நேரமாயிற்று. மேலதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, துறை ஊழியரானாலும் அவரும் பொதுமக்களில் ஒருவர்தான், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், கடை மறுபடி அளக்கப்படும், மற்றதைத் துறை விசாரிக்கும் என்றார். மீட்டர் மணியை மேசையில் வைத்துவிட்டுப் போய் எழுதினார். இந்தத் தடவை நேராக மையில். அவர் எழுதி முடித்து நிமிர்ந்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

கூடத்துக்கு வெளியே, மிதிவண்டிகள் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் அவள் நின்றிருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அறைந்தால் இன்னும் தேவலை.

"எல்லார் முன்னாலயும் உன்னைத் தூக்கி வெச்சுப் பேசினேன்" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"அவர் குடிச்சது அவர் தப்பு. அதை உன் தலையில கட்டமாட்டேன். அவருக்கே அது தெரியும். தினமும் காலையில எந்திரிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கறாரு. குடிச்ச அன்னிக்கும் கேக்கறாரு, குடிக்காத அன்னிக்கும் கேக்கறாரு. அந்த நடுங்கற கையோட." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ என்னடா பண்ணினே? வாரா வாரம் பழத்தைத் தூக்கிட்டு வந்து, அவருக்கு எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, மனக்கட்டுப்பாடு வேணும் அத்தான், மனுஷன்னா ஒரு உறுதி வேணும் அத்தான்னு ஒருமணி நேரம் புத்தி சொல்லிட்டுப் போனியே. அவர் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருந்தாரே. உனக்கு எப்படிடா வாய் வந்தது?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அது நல்ல எண்ணம் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். எட்டு மீட்டரையாவது ஒருவர் புகழ்ந்து கேட்டு வாங்கினார். அந்த ஒருமணி நேரத்தை யாரும் கேட்கவேயில்லை, அவராகவே கொண்டுபோய்க் கொட்டினார்.

"நாளைக்கு வந்து அவர்கிட்ட சொல்லிடறேன்க்கா."

"இன்னிக்கு வா" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அத்தான் முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று குடித்திருக்கவில்லை. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்தால் நடுக்கம் தெரியாமலிருக்க அப்படித்தான் செய்வார். மீட்டரைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். வேலைநாளில் வந்திருக்கிறாரே, விஷயம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மீட்டர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அளந்தது, அழித்தது, எழுதியது, அன்றைக்குக் கூடத்தில் நடந்தது, எல்லாம் பூசிமெழுகாமல் சொன்னார். "என்னை மன்னிச்சுடுங்க அத்தான்" என்று முடித்தபோது அவருக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. அக்கா வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

அத்தான் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. அது போகுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மாப்ள" என்றார் கடைசியில், குனிந்த தலையோடு. "அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை எனக்குப் புத்தி சொல்லமாட்டே, இல்ல?"

குத்திக்காட்டக் கேட்டதில்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாட்டேன் என்று மீட்டர் தலையை மட்டும் அசைத்தார். குனிந்திருந்தவருக்கு அது தெரியவில்லை.

"மாட்டான்" என்றாள் அக்கா வாசற்படியிலிருந்து.

அத்தான் மெல்ல நிமிர்ந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு, மைத்துனரின் முகத்தைப் பார்த்தார்.